ரத்தம் கட்டியிருக்கலாம்

என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் ‘ஒற்று’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியாது. ‘ஒற்று சார் இருக்காரா?’ என்றால் நேரே இரண்டாவது மாடிக்கு, ஜன்னலோர மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சிவப்புப் பேனாவோடு குனிந்து உட்கார்ந்திருப்பார். பாடப் புத்தகம், பஸ் நேர அட்டவணை, பிஸ்கட் உறை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், எதுவானாலும் அவர் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும். எழுதுகிறவர்கள் ‘க்’, ‘ச்’, ‘த்’, ‘ப்’ என்று புள்ளி வைத்த எழுத்துகளை அங்கங்கே விட்டுவிடுவார்களாம். இவர் தேடிப் பிடித்துச் செருகுவார். அதனால் வந்த பெயர்தான் அது.

அச்சகத்தோடு நின்றால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? எங்கள் குடியிருப்பின் படிக்கட்டில் ‘மாடிக்கு செல்லும் வழி’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் நடுவில் சிவப்பாக ஒரு ‘ச்’ முளைத்திருந்தது. யார் வேலை என்று யாரும் கேட்கவே இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு சண்டையில் நான், ‘அம்மா வீட்டுக்கு போகிறேன், தேடி வர வேண்டாம்’ என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனேன். சாயங்காலமே தேடி வந்து நின்றார். கையில் அந்தத் தாள். அதில் ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்று திருத்தியிருந்தார். என் அம்மா விழுந்து விழுந்து சிரித்ததில் நான் பிடித்து வைத்திருந்த கோபம் நமுத்துப் போய்விட்டது. அன்று ராத்திரியே திரும்பி வந்துவிட்டேன்.

என் தம்பியும் அதே அச்சகம்தான். கீழ்த்தளத்தில் பைண்டர். அச்சாகி வரும் தாள்களை மடித்து, தைத்து, பசை போட்டு, அட்டை ஒட்டிப் புத்தகமாக்குகிற வேலை. நாள் முழுக்கத் தாள் கட்டுகளை அமுக்கி அமுக்கி அவன் கை இரும்பாகிவிட்டது. யாருக்காவது சுளுக்கு, கழுத்துப் பிடிப்பு என்றால் சாப்பாட்டு இடைவேளையில் அவனிடம்தான் போவார்கள். அதற்கென்றே பையில் ஒரு தைலப் பாட்டில் வைத்திருப்பான். மாமாவும் மச்சானும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள். வழி நெடுக ஒருவரை ஒருவர் வாருவதுதான் இரண்டு பேருக்கும் பொழுதுபோக்கு.

நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பேச்சு வராத பிள்ளைகளையும், பேச்சு வந்தும் விஷயத்தை ஒழுங்காகச் சொல்லாத பெற்றோர்களையும் வைத்துக்கொண்டு பொழுதை ஓட்ட வேண்டும். ‘லேசா சளி’ என்று ஒரு அம்மா போனில் சொன்னால், உண்மையிலேயே லேசா, இல்லை பிள்ளையை எப்படியாவது இங்கே தள்ளிவிட்டு வேலைக்கு ஓடுகிற அவசரமா என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். வேலை சொல்லிக் கொடுத்த பழக்கம்.

ஊர் உலகத்துக்கெல்லாம் வந்த கொரோனா எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்கு இரண்டு நாள் தொண்டை கரகரத்ததோடு சரி. அவரைத்தான் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டது. காய்ச்சல், இருமல், உடம்பு வலி. பின்னறையில் தனியாகப் படுத்துக் கிடந்தார். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். காபியைக் குடித்துவிட்டு, “வெந்நீர் குடுத்ததுக்கு நன்றி” என்பார். வாசனையும் ருசியும் சுத்தமாகப் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் விசாரிக்கிற நர்ஸ் ஒருத்தி சொன்னபடி விரலில் மாட்டுகிற அந்தக் குட்டிக் கருவியை மாட்டி, அது காட்டும் ஆக்சிஜன் எண்ணைக் கதவு வழியாகக் கத்திச் சொல்வார். எண் சரியாக இருந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

கொரோனா என்றால் மூச்சு, நுரையீரல். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. காய்ச்சல் விட்டு, இருமல் அடங்கி, எழுந்து நடமாட ஆரம்பித்ததும், அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு என்று நான் பின்னறையின் போர்வைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். அவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். போன முதல் நாளே, தாள் கட்டுகள் ஏற்றிய ட்ராலி ஒன்று பின்னால் வந்து இடது காலில் இடித்துவிட்டது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

“கண்ணு முழுக்க எழுத்துலயே இருந்தா ட்ராலி எப்படித் தெரியும்?” என்றேன்.

“அது பின்னால வந்துச்சும்மா. முதுகுல கண்ணு இல்லையே எனக்கு.”

அடுத்தடுத்த நாட்களில் வலி குறையவில்லை. கெண்டைக்கால் வீங்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள் படி இறங்க முடியாமல் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று எனக்கும் விடுமுறை. பழைய துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கொரோனா வந்து போனவர்களை அந்த நர்ஸ் அவ்வப்போது கூப்பிட்டு விசாரிப்பாள். இவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

“மூச்சு வாங்குதா சார்?”

“இல்லம்மா.”

“நெஞ்சு வலி?”

“அதுவும் இல்லை.”

“கால் வலி, வீக்கம் ஏதாவது?”

“இடது கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கு. வலியும் இருக்கு.”

“ஒரு காலா, ரெண்டு காலுமா?”

“ஒரு கால்தான்.”

“லைன்லயே இருங்க சார்” என்றாள். யாரிடமோ பேசுவது தூரத்தில் கேட்டது. திரும்பி வந்தாள். “டாக்டர்கிட்ட கேட்டேன் சார். கால்ல ரத்தம் கட்டியிருக்கலாம்னு சொல்றாங்க. இன்னிக்கே வந்துடுங்க.”

“ரொம்ப நன்றிம்மா” என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ட்ராலி இடித்ததை அவளிடம் இவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

“பார்த்தியா? ரத்தக்கட்டு. நான் அப்பவே சொன்னேன். அந்த ட்ராலி இடிச்சதுல ரத்தம் கட்டிக்கிச்சு. உன் தம்பிய வரச் சொல்லு, நல்லா தேய்ச்சு விட்டான்னா கலைஞ்சு போயிடும்.”

நீங்களும் நானும் அப்படித்தானே பேசுகிறோம்? கதவில் விரல் நசுங்கினால் ரத்தம் கட்டிக்கொண்டது என்போம். பிள்ளை விழுந்து நெற்றி புடைத்தால் ரத்தம் கட்டியிருக்கிறது என்போம். தேய்ப்போம், ஒத்தடம் கொடுப்போம், இரண்டு நாளில் மறந்துவிடுவோம். அதற்கு ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்? சொல்லுக்கு அர்த்தம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நானும் ஒத்துக்கொண்டேன். தம்பிக்குப் போன் போட்டு, வேலை முடிந்ததும் தைலத்தோடு வரச் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸின் குரல் காதை விட்டுப் போகவே இல்லை. கீழே உட்கார்ந்து அவர் காலைப் பார்த்தேன். அடிபட்ட இடம் என்றால் நீலமாகவோ கறுப்பாகவோ கன்றிப் போக வேண்டாமா? ஒரு நிறமும் இல்லை. லேசாகச் சிவந்து பளபளவென்று இருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. அடுத்த காலைத் தொட்டேன். அது சாதாரணமாக இருந்தது.

“என்னங்க, எதுக்கும் போய்க் காட்டிட்டு வந்துடலாமே.”

“ரத்தக்கட்டுக்கா? போனா சிரிப்பாங்க.”

“அந்தப் பொண்ணு இன்னிக்கே வந்துடுங்கன்னு சொன்னாளே?”

“ஆஸ்பத்திரிக்காரங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க. அவங்க தொழில் அது.”

“இல்லைங்க. இன்னிக்கு வாங்கன்னு சொன்னா அது வேற. அவ இன்னிக்கே வாங்கன்னு சொல்லியிருக்கா. அந்த ‘ஏ’ எங்க போச்சு? ஊர்ல இருக்கிற எழுத்தெல்லாம் பார்க்கறீங்க, அதை மட்டும் விட்டுட்டீங்களே.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறைத்துவிட்டது என்று நினைத்தேன். “அது சும்மா ஒரு அழுத்தம்மா” என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எதை வைத்துச் சண்டை போடுவது? அடி பட்டது நிஜம். வீக்கமும் நிஜம்.

தம்பி வந்தான். வரும்போதே, “என்ன மாமா, ட்ராலிகிட்ட தோத்துட்டீங்களாமே” என்றான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டான். தைலத்தை ஊற்றி உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்தான். அவர் வேட்டியை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தார். தம்பி கெண்டைக்காலைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினான்.

அவர் போட்ட அலறல் இன்னும் எனக்குள் இருக்கிறது. அந்த மனுஷன் பல் பிடுங்கும்போதுகூடச் சத்தம் போடாதவர்.

“அப்படித்தான் இருக்கும் மாமா, ரெண்டு தடவை உருவி விட்டா சரியாயிடும்” என்று தம்பி மறுபடி கையைக் கொண்டு போனான்.

“இருடா!” என்றேன். எனக்கு ஏன் அப்படி ஒரு வேகம் வந்தது என்று தெரியாது. போனை எடுத்து, வந்த நம்பருக்கே திருப்பிப் போட்டேன். நல்லவேளை, அவளே எடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். “அம்மா, ரத்தம் கட்டியிருக்குன்னு சொன்னியே, தேய்ச்சு விடலாம்ல?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் கத்திய கத்தலில் ஸ்பீக்கரே போடாமல் அறை முழுக்கக் கேட்டது. “தொடாதீங்க! யாரும் காலைத் தொடாதீங்க! கையை எடுக்கச் சொல்லுங்க!”

தம்பி இரண்டு கையையும் போலீஸ் பிடித்தவன் மாதிரி மேலே தூக்கிவிட்டான். முழங்கை வழியாகத் தைலம் வழிந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் வேக வேகமாகச் சொன்னாள். “அது அடிபட்ட ரத்தக்கட்டு இல்லம்மா. உள்ள ரத்தக் குழாய்க்குள்ளயே ரத்தம் உறைஞ்சு போயிருக்கலாம். தேய்ச்சா அது பிய்ஞ்சு நுரையீரலுக்குப் போயிடும். உயிருக்கே ஆபத்து. நடக்க வைக்காதீங்க, ஒரு வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வாங்க. மதியத்துலருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பிதான் ஓடிப் போய்க் கார் பிடித்து வந்தான். அவரை நாற்காலியோடு தூக்கி, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவனுமாகப் படியிறக்கினோம். காரில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மூச்சு கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு மூச்சு நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். முகக் கவசத்துக்கு மேலே களைத்துப் போன கண்கள் மட்டும் தெரிந்தன. காலில் ஜில்லென்ற பசையைத் தடவி, ஸ்கேன் கருவியைத் தொடையிலிருந்து கீழே மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். அங்கங்கே லேசாக அழுத்திப் பார்த்தார். திரையில் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. “நல்ல ரத்தக் குழாயா இருந்தா அமுக்கினதும் படுத்துடும். மேல எல்லாம் படுக்குது, பாருங்க” என்றார். முழங்காலுக்குக் கீழே வந்ததும் நிறுத்தினார். “இது படுக்கலை. இங்கதான் உறைஞ்சிருக்கு.”

இந்த நிலைமையிலும் இவர் வாய் சும்மா இருந்ததா? “மச்சான் அமுக்கினா தப்பு, நீங்க அமுக்கினா சரியா டாக்டர்?” என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. “எவ்வளவு நேரம் தேய்ச்சார்?” என்று கேட்டார். ஒரே ஒரு அமுக்கு என்று நான் சொன்னேன். “எதுக்கும் நெஞ்சையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்” என்று எழுதினார். ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றில் ஒரு ஊசி போட்டார்கள். அவரைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டு போனார்கள்.

வெளியே நடைவழியில் தம்பி சுவரோரமாக நின்றான். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒரே தடவைதான் அமுக்கினேன். லேசாத்தான் அமுக்கினேன்.”

“உன் லேசு எனக்குத் தெரியாதாடா?” என்றேன். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவனைக் கூப்பிட்டதே நான்தானே, என்னை யார் அறைவது? அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அத்தனை பெரிய ஆள், பிள்ளை மாதிரி அழுதான். அவன் கையை இழுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். தைல வாசனை எங்கள் இரண்டு பேர் மேலும் அடித்தது. வேண்டாத தெய்வம் இல்லை. இந்த மனுஷனைத் திருப்பிக் கொடுத்துவிடு, இனிமேல் அவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் வெளியே வந்தார்.

“நுரையீரல்ல ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு. கால்ல மட்டும்தான். நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. தம்பி டாக்டர் காலிலேயே விழப் போனான். அவர் இரண்டடி பின்னால் போய், “இடைவெளி, இடைவெளி” என்றார்.

பிறகு வார்டில் அவர் கட்டிலோரம் நின்று டாக்டர் விவரமாகச் சொன்னார். “கொரோனான்னா எல்லாரும் நுரையீரலைத்தான் நினைக்கிறாங்க. அது ரத்தக் குழாய்களையும் தொந்தரவு பண்ணும். குழாயோட உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்கு. அது நல்லா இருக்கிற வரைக்கும் ரத்தம் எங்கயும் ஒட்டாம ஓடிக்கிட்டு இருக்கும். இந்தக் கிருமியாலயும், அதை விரட்ட உடம்பு போடுற சண்டையாலயும் அந்தப் படலம் புண்ணாகி வீங்கிடுது. ரத்தமும் சட்டுனு உறையிற மாதிரி மாறிடுது. போதாததுக்கு நீங்க நாள் கணக்கா படுத்தே இருந்திருக்கீங்க. எல்லாம் சேர்ந்து இப்படி.”

“வழுவழுன்னு இருக்கிற ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டு சொரசொரன்னு ஆயிடற மாதிரியா?” என்று கேட்டார் இவர்.

“அப்படியே வச்சுக்கங்க.”

“காய்ச்சல்தான் விட்டுப் போச்சே டாக்டர்?” என்றேன் நான்.

“காய்ச்சல் போன பிறகும் கொஞ்ச நாளைக்கு இந்த ஆபத்து இருக்கும்மா. எல்லாருக்கும் வராது. பெரும்பாலான ஆளுங்களுக்கு ஒண்ணுமே ஆகாது. ஆனா ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ தள்ளிப் போடக் கூடாது. அந்த ட்ராலி மேல பழியைப் போட்டுட்டு நீங்க வீட்டுல உட்கார்ந்துட்டீங்க.”

அந்த நர்ஸும் வந்து எட்டிப் பார்த்தாள். இத்தனூண்டு பெண். இவளா அந்தக் கத்தல் கத்தினாள் என்று இருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கோபமும் வந்தது. “ஏம்மா, ரத்தம் கட்டியிருக்குன்னு சொன்னா நாங்க என்னத்த கண்டோம்? உறைஞ்சிருக்குன்னு சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஆமாம்மா. இனிமே எல்லார்கிட்டயும் உறைஞ்சிருக்குன்னே சொல்றேன்” என்றாள். கட்டிலில் படுத்திருந்தவர் போர்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மூன்று மாதம் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அடிபடக் கூடாது, வெட்டிக்கொள்ளக் கூடாது, பல்லை மெதுவாகத் தேய்க்க வேண்டும். வாசலில் வைத்து டாக்டர் என்னிடம், “டென்ஷன் ஆகாம பார்த்துக்கங்க” என்று ஒரு வார்த்தை சொன்னார். எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதுதான் போலிருக்கிறது. நான் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்த வாக்கு வேறு இருந்தது.

அன்றிலிருந்து நான் நானாகவே இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், எடுத்துக் காயப்போட்டேன். மின்விசிறியை நிறுத்தாமல் போனார், நானே நிறுத்தினேன். நான் அசந்து தூங்கும்போது எழுப்பி, “என் கண்ணாடி எங்க?” என்று கேட்டார். தலையில்தான் இருந்தது. “இதோ இருக்குங்க” என்று எடுத்துக் கொடுத்தேன். வேறு சமயமாக இருந்தால் தெருவே கேட்டிருக்கும். எது சொன்னாலும் ‘சரிங்க’. எது கேட்டாலும் ‘இதோங்க’. காப்பகத்தில் என்னோடு வேலை செய்கிறவள், “உனக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

அவரும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். குடியிருப்பில் ‘மாடித் தொட்டி பழுது பார்க்க படுகிறது’ என்று புதிதாக ஒட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுக்காமலே போனார். எனக்குத் திக்கென்றது. இன்னும் பலம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு நாள் பீரோவில் எந்தச் சாவி எதற்கு என்று விளக்கினார். தம்பியைக் கூப்பிட்டுத் தன் புதுச் சட்டையைக் கொடுத்து, “உனக்குத்தான்டா இது எடுப்பா இருக்கும்” என்றார். அன்றைக்கு அமுக்கிய குற்ற உணர்வு மனசை விட்டுப் போகாத அவன், மாமா மன்னித்துவிட்டார் என்று கண் கலங்கி வாங்கிக்கொண்டு போனான். சும்மா இருக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் கேட்கவில்லை. கேட்டால் டென்ஷன் ஆகிவிட்டால்?

மூன்று மாதம் முடிந்து மறுபடி ஸ்கேன். அதே டாக்டர், அதே பசை. முழங்காலுக்குக் கீழே வந்து அழுத்தினார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறுப்பு வட்டம் அமுங்கிக் கோடாகி மறைந்தது. அழுத்தத்தை எடுத்ததும் திரும்ப விரிந்தது.

“படுக்குது!” என்று நானே கத்திவிட்டேன்.

“ஆமாம்மா, நல்லா திறந்துடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாம். நடங்க, தண்ணி நல்லா குடிங்க, ஒரே இடத்துல மணிக்கணக்கா உட்காராதீங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

இவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷத்தையே காணோம். “டாக்டர், எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். “இதான் சார் விஷயம். உங்களுக்குச் சரியாயிடுச்சு. வீட்டுக்குப் போங்க” என்றார் டாக்டர்.

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரோ ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்துவிட்டு, தூரத்தில் பஸ் தெரிந்ததும் எழுந்து நடந்தார். ஸ்கேன் படம், சீட்டு எல்லாம் இருந்த கவர் பெஞ்சிலேயே கிடந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஓடிப் போய்ப் பிடித்தேன். என்னை அறியாமல் வாய் திறந்துகொண்டது.

“ஏங்க, உங்களுக்கு அறிவு எங்கயாவது இருக்கா? கண்ணாடி தலையில, நினைப்பு ஆகாயத்துல! இதையும் காத்துல விட்டுட்டு வீட்டுக்குப் போய் எங்கன்னு என்னைத் தேடச் சொல்வீங்க! நான் என்ன உங்க பின்னாடியே பொறுக்கிக்கிட்டு வரவா பொறந்தேன்?”

அவர் நின்றார். திரும்பினார். முகம் அப்படியே மலர்ந்துகொண்டு வந்தது.

“என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு.”

“என்ன, காதும் போயிடுச்சா?”

“அப்ப நிஜமாவே எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“அதான் டாக்டர் தலைகீழா நின்னு சொன்னாங்களே!”

அவர் வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். “மூணு மாசமா நீ என்னை ஒரு வார்த்தை திட்டலை. துண்டைக் கட்டில்ல போட்டுப் பார்த்தேன், திட்டலை. ஃபேனை நிறுத்தாம விட்டுப் பார்த்தேன், திட்டலை. ராத்திரி எழுப்பிக் கண்ணாடி கேட்டேன், அப்பவும் சரிங்கன்னு எடுத்துக் குடுத்த. அன்னிக்கு வாசல்ல டாக்டர் உன்கிட்ட தனியா ஏதோ சொன்னாங்கல்ல? எனக்கு நாள் எண்ணியாச்சு, அதான் நீ இப்படித் தங்கமா மாறிட்டன்னு நினைச்சேன்.”

மூன்று மாதம். இந்த மனுஷன் இன்றைக்கா நாளைக்கா என்று என் பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். மோட்டாரும் சாவியும் சட்டையும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. கண்ணீர் குபுக்கென்று வந்துவிட்டது. கூடவே கோபமும்.

“அடப்பாவி மனுஷா! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? டென்ஷன் பண்ணக் கூடாதுன்னுதானேய்யா நான் வாயைக் கட்டிக்கிட்டு கிடந்தேன்! எனக்கு மட்டும் சந்தோஷமா இருந்துச்சா? தொண்டை வரைக்கும் வந்ததையெல்லாம் முழுங்கி முழுங்கி எனக்கே நெஞ்செரிச்சல் வந்துடுச்சு!”

நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்தார். நான் நிறுத்துவதாக இல்லை. பஸ் போய்விட்டது. ஈரத் துண்டில் ஆரம்பித்தேன், மின்விசிறிக்கு வந்தேன், தம்பிக்குக் கொடுத்த சட்டையைத் திரும்ப எப்படிக் கேட்பது என்று கத்தினேன். மூன்று மாதத்தையும் நாள் வாரியாக எடுத்து வைத்துத் திட்டினேன். நிறுத்தத்தில் இருந்தவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள். அவர் மட்டும் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

“அப்புறம்?” என்றார்.